ஃப்ளூ ஊசி: அரசு தடுப்பூசி அட்டையில் இல்லை, டாக்டர் போடச் சொல்கிறார். நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?

உறையூர்க்காரி (திருச்சி)

எல்லாருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு ஒரு வயசு எட்டு மாசம். ஆடி முடிஞ்சதும் ப்ளே ஸ்கூல்ல சேர்க்கணும், நான் வேலைக்குத் திரும்பணும். பூஸ்டர் போடப் போனப்போ டாக்டர், "ஸ்கூல்ல விடுறதுக்கு முன்னாடி ஃப்ளூ ஊசி போட்டுடுங்கம்மா. முதல் தடவைங்கறதால ரெண்டு டோஸ், நாலு வாரம் இடைவெளி. அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு, அஞ்சு வயசு வரைக்கும்"னு சொன்னார். ஒரு டோஸ் 1,850 ரூபாய். யோசிச்சுட்டு வர்றோம்னு சொல்லிட்டு வந்துட்டோம்.

வீட்டுல ஆளுக்கொரு கருத்து. கணவர், "அரசாங்கம் போடச் சொன்ன ஊசி ஒண்ணு விடாம போட்டாச்சு. இது அவ்ளோ முக்கியம்னா அவங்களே இலவசமா போட்டிருக்க மாட்டாங்களா?"ங்கறார். அத்தைக்கு 67 வயசு, சுகர் இருக்கு, மழைக்காலம் வந்தா வீசிங் வரும். "சளிக்கெல்லாமா ஊசி? கற்பூரவள்ளி கொடுத்தா சரியாகிடும்"னு அவங்க சொல்றாங்க. எனக்குப் பயம் ரெண்டு பக்கமும் இருக்கு. போடாம விட்டு ஏதாவது ஆகிட்டா? போட்டு, அந்தக் காய்ச்சல்ல ஃபிட்ஸ் வந்துட்டா? இவரோட அண்ணன் பையனுக்குச் சின்ன வயசுல ஜுரத்துல ஃபிட்ஸ் வந்திருக்கு.

உங்க வீட்டுல எதை வச்சு முடிவு பண்ணீங்கன்னு சொல்லுங்க. போட்டவங்க, போடாதவங்க ரெண்டு பேரும் எழுதினா நல்லா இருக்கும்.

---

மஞ்சள்காடு (ஈரோடு)

நாங்க ரெண்டு குழந்தைகளுக்குமே போடலைங்க. பெரியவனுக்கு ஏழு, சின்னவளுக்கு மூணு. தடுப்பூசிக்கு நான் எதிரி இல்லைங்க. தட்டம்மை, போலியோ, பென்டா எல்லாம் நாள் தவறாம போட்டிருக்கோம். ஃப்ளூவை விட்டதுக்கு மூணு காரணம்.

ஒண்ணு, மத்த ஊசி போட்டா வருஷக்கணக்குல நிக்குது. இதை வருஷா வருஷம் போடணும். ரெண்டு, எந்த வைரஸ் வரும்னு முன்கூட்டியே கணிச்சுத் தயாரிக்கிறாங்க. கணிப்பு தப்பினா பலன் குறைஞ்சிரும். மூணு, என் தங்கச்சி பையனுக்குப் போட்டாங்க, அந்த வருஷமும் மாசத்துக்கு ஒருக்கா அவனுக்குச் சளிதான். அப்புறம் எதுக்குங்க ரெண்டாயிரம்?

குழந்தை நல்லா சாப்பிட்டு, ஓடியாடித் திரிஞ்சா உடம்பே எதிர்ப்புசக்தியைக் கத்துக்கும்ங்கறது என் நம்பிக்கை.

---

வேளச்சேரி_ப்ரியா (சென்னை)

நாங்க வருஷா வருஷம் போடுறோம். என் பையனுக்கு வீசிங் இருக்கு, அதனால எங்க வீட்டுல பெரிய விவாதம் நடக்கலை. ஆனா போட ஆரம்பிச்சது ஒரு மோசமான அனுபவத்துக்கு அப்புறம்தான்.

அப்போ அவனுக்கு ரெண்டு வயசு. காலைல நல்லா விளையாடினான். சாயங்காலம் 103 டிகிரி. பாராசிட்டமால் கொடுத்தா ரெண்டு மணி நேரம் குறையும், திரும்ப ஏறும். மூணாம் நாள் ராத்திரி பால் குடிக்க மாட்டேன்னுட்டான். சட்டையைத் தூக்கிப் பார்த்தா ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவுல தோல் உள்ளே குழிஞ்சு போகுது. கூப்பிட்டா கண்ணைத் திறந்து பார்த்துட்டு மறுபடி மூடிக்கிறான். ஆஸ்பத்திரில ஆக்சிஜன் வச்சாங்க, டெஸ்ட்ல இன்ஃப்ளூயன்சா ஏ, அதாவது ஃப்ளூன்னு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் ரெண்டு வாரம் அவன் சிரிக்கவே இல்லை.

மஞ்சள்காடு அண்ணா, சளிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. சளி புடிச்ச பிள்ளை மூக்கு ஒழுக ஒழுக ஓடிட்டே இருக்கும். இது ஒரே நாள்ல அடிச்சுப் படுக்க வச்சிரும். உங்க தங்கச்சி பையனுக்கு வந்ததெல்லாம் வேற வைரஸா இருந்திருக்கும். சளிக்கு நூத்துக்கும் மேல வைரஸ் இருக்கு, இந்த ஊசி இன்ஃப்ளூயன்சாவை மட்டும்தான் தடுக்கும்.

---

ஊர்_நர்ஸ் (புதுக்கோட்டை மாவட்டம்)

நான் கிராம சுகாதார செவிலியரா வேலை பார்த்து ஓய்வு பெற்றவ. புதன்கிழமைன்னா தடுப்பூசி நாள். ஐஸ்பேக் வச்ச பெட்டியைத் தூக்கிக்கிட்டு அங்கன்வாடி அங்கன்வாடியாப் போவோம். அதனால உன் வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன் தங்கம். அது நல்ல கேள்வி.

அரசு அட்டையில இல்லைங்கறதுக்காக ஒரு ஊசி தேவையில்லாததுன்னு ஆகாது. நிமோனியாவுக்கான பி.சி.வி. ஊசியை எடுத்துக்க. தமிழ்நாட்டுல அரசுத் திட்டத்துல அது வந்தது 2021 ஜூலையில. அதுக்கு முன்னாடி வசதி இருக்கறவங்க தனியார்ல ஆயிரக்கணக்குல கொடுத்துப் போட்டாங்க. ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கல. 2021-க்கு முந்தி பிறந்த பிள்ளைக்கு நிமோனியா வராமலா இருந்துச்சு? ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் 2017-லதான் நம்ம மாநிலத்துல சேர்ந்தது. அரசு ஒரு ஊசியைச் சேர்க்கறதுக்கு முன்னாடி பல கணக்குப் போடுது. எத்தனை லட்சம் டோஸ் வேணும், வருஷா வருஷம் வாங்க முடியுமா, அந்தக் காசுக்கு வேற எதைச் செஞ்சா அதிக உயிர் பிழைக்கும்னு பார்க்கும். அது நாட்டுக்கான கணக்கு. உன் மடியில இருக்கற ஒரு பிள்ளைக்கு நீ போடுற கணக்கு வேற.

அதே சமயம் இன்னொண்ணும் சொல்லணும். கையில காசு குறைவா இருந்து எதை விடறதுன்னு கேட்டா, ஃப்ளூ ஊசிக்காக அரசு அட்டையில உள்ள ஒரு ஊசியைக்கூடத் தள்ளிப்போடாதே. எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ரெண்டாவது டோஸ், டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி) பூஸ்டர் ரெண்டும் 16 மாசத்துல இருந்து 24 மாசத்துக்குள்ள. நிறைய பேர் ஒரு வயசு தாண்டினதும் அட்டையைப் பீரோவுல வச்சுப் பூட்டிடறாங்க. எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற விஷயம் இது.

---

மைதிலி_ஈஸ்ட்ஹாம் (லண்டன்)

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டன். இங்க பள்ளிக்கூடத்திலயே குடுப்பினம். ஊசி இல்லை, மூக்குக்குள்ள ரெண்டு பக்கமும் விசிறுற மருந்து. ரெண்டு, மூண்டு வயசுப் பிள்ளையளுக்கு ஜிபியிட்ட, அதாவது எங்கட குடும்ப டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போகவேணும். ரிசெப்ஷன் எண்டுற முதல் வகுப்பில இருந்து பள்ளிக்கூடத்துக்கே நர்ஸ்மார் வருவினம். காசு இல்லை, நாங்கள் சம்மதம் மட்டும் குடுக்கவேணும். என்ட மகன் அண்டைக்குப் பின்னேரம் மூக்கு அடைச்சுக்கொண்டு வந்தவன், அவ்வளவுதான்.

ஆனா உறையூர்க்காரி தங்கச்சி, உங்கட பிள்ளையின்ட வயசில இங்க சுகமா இருக்கிற பிள்ளையளுக்குக் குடுக்கிறேல்லை. ஆஸ்துமா, இருதய வருத்தம், சலரோகம் (சுகர்) எண்டு ஏதும் இருந்தாத்தான் ஆறு மாசத்தில இருந்து ஊசி போடுவினம். அதையும் தெரிஞ்சு வைச்சிருங்கோ.

---

மஞ்சள்காடு (ஈரோடு)

மைதிலி அக்கா சொன்னதைக் கவனிங்க. இங்கிலாந்துலயே ரெண்டு வயசுக்குக் கீழ நல்லா இருக்கற குழந்தைக்குத் தர்றதில்லை. அப்போ இங்க மட்டும் ஏனுங்க ஆறு மாசத்துல இருந்தே போடச் சொல்றாங்க?

இன்னொண்ணு. 2010-ல ஆஸ்திரேலியாவுல ஃப்ளூ ஊசி போட்ட சின்னக் குழந்தைகளுக்கு ஃபிட்ஸ் வந்து, அஞ்சு வயசுக்குக் கீழ போடறதையே நிறுத்தி வச்சாங்க. இது வாட்ஸப் வதந்தி இல்லைங்க, நடந்த சம்பவம். உறையூர்க்காரி சகோதரியோட பயத்தைச் சும்மா தட்டிவிட முடியாது. டாக்டருங்க யாராச்சும் இருந்தா நேராப் பதில் சொல்லுங்க.

---

குழந்தை_வார்டு (மதுரை)

அரசு மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவில் பணிபுரிகிறேன். ஃப்ளூ ஊசி விற்றால் எனக்கு ஒரு பைசா வராது. எங்கள் வார்டில் அது போடுவதே இல்லை. கேள்விகள் நியாயமானவை. ஒவ்வொன்றாக எழுதுகிறேன், நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவிலிருந்து தொடங்குகிறேன். நண்பர் சொன்னது உண்மை. 2007-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் மூன்று சிறு குழந்தைகள் ஃப்ளூவில் இறந்தார்கள். அதன் பிறகு 2008 முதல் அந்த மாநிலம் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு இலவசமாக ஊசி போட்டது. 2010-இல் ஊசி போட்ட சில மணி நேரத்தில் கடும் காய்ச்சலும் வலிப்பும் வந்த குழந்தைகள் வழக்கத்தைவிட அதிகமாக வரத் தொடங்கினார்கள். ஏப்ரலில் நாடு முழுக்கச் சிறு குழந்தைகளுக்கு ஊசியை நிறுத்தினார்கள். விசாரித்ததில் சிக்கல் சி.எஸ்.எல். என்ற ஒரே நிறுவனத்தின் தயாரிப்பில் இருந்தது. வைரஸை உடைத்துச் சுத்திகரிக்கும் அவர்கள் முறையில் காய்ச்சலைத் தூண்டும் வைரஸ் துகள்கள் மிஞ்சியிருந்தன. மற்ற நிறுவனங்களின் ஊசிகளில் அப்படி இல்லை. சில மாதங்களில் மற்ற ஊசிகளை வைத்துப் பரிந்துரை திரும்ப வந்தது. ஆனால் பெற்றோரின் நம்பிக்கை திரும்ப ஆண்டுகள் ஆயின, அதில் எனக்கு வியப்பில்லை. ஒரு ஊசியில் தவறு நடந்தால் கண்டுபிடித்து நிறுத்துகிற கண்காணிப்பு இருக்க வேண்டும் என்பதற்கு நான் காட்டும் உதாரணமும் இதுதான்.

இப்போது நம் குழந்தைகளுக்குப் போடும் செயலிழந்த வைரஸ் ஊசியில் வழக்கமாக வருவது போட்ட இடத்தில் வலி, ஒன்றிரண்டு நாள் லேசான காய்ச்சல், சிணுங்கல். இந்த ஊசியால் ஃப்ளூ வராது, அதில் உயிருள்ள வைரஸ் கிடையாது. காய்ச்சல் வலிப்பு வரக்கூடிய குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும் வலிப்பைத் தூண்டலாம். நிஜ ஃப்ளூவில் 103, 104 என்று மூன்று நான்கு நாள் காய்ச்சல் அடிக்கும் என்பதையும் சேர்த்து எடைபோடுங்கள். பெரியப்பா மகனுக்கு வந்திருந்தது ஊசியை மறுக்கக் காரணம் ஆகாது. ஆனால் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இங்கிலாந்து ஏன் இரண்டு வயதுக்குக் கீழே தருவதில்லை? அவர்கள் திட்டத்தின் அடிப்படை அந்த மூக்கு மருந்து. அது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ். இரண்டு வயதுக்குக் கீழே கொடுத்துப் பார்த்த ஆய்வில் வீசிங் கூடியதால் அந்த வயதுக்கு அனுமதி இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வீட்டுப் பெரியவர்களையும் சேர்த்துக் காப்பது அவர்கள் நோக்கம். அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் ஆறு மாதம் முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் போடச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2012-இல் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்டோரை முன்னுரிமைக் குழுக்களில் ஒன்றாகச் சேர்த்தது. இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம், ஐ.ஏ.பி., முன்பு ஆஸ்துமா, இதய நோய் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் சொல்லிவந்தது. 2020-21 அட்டவணையிலிருந்துதான் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லோருக்கும் என்று மாற்றியது. அதனால் உங்கள் டாக்டர் சொன்னது சங்கத்தின் பரிந்துரை, அவருடைய சொந்த யோசனை இல்லை. நாடுகள் வேறுபடுவதும் உண்மை. வேறுபடுகின்றன என்பதாலேயே ஏதோ மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை.

பலன் எவ்வளவு? வைரஸ் பொருந்துகிற ஆண்டுகளில் டாக்டரிடம் போகிற அளவுக்கான ஃப்ளூவை 40 முதல் 60 சதவீதம் குறைக்கும். பொருந்தாத ஆண்டில் இன்னும் குறையும். ஹரியானாவில் பல்லப்கர் பக்கத்துக் கிராமங்களில் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்த ஆய்விலும் முதல் ஆண்டு பலன் குறைவு, இரண்டாம் ஆண்டு கூடுதல். தட்டம்மை ஊசியோடு ஒப்பிட்டால் இது சுமாரான ஊசிதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நான் பார்ப்பது வேறு எண்ணை. அமெரிக்காவில் 2010 முதல் 2014 வரை ஃப்ளூவில் இறந்த குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2017-இல் வந்தது. வேறு நோய் எதுவும் இல்லாத குழந்தைகளில் ஊசி இறப்பு அபாயத்தை 65 சதவீதம் குறைத்தது, ஏற்கெனவே நோய் உள்ளவர்களில் 51 சதவீதம். 2024-25 பருவத்தில் அங்கே குறைந்தது 280 குழந்தைகள் ஃப்ளூவில் இறந்தார்கள். அவர்களில் ஊசி போடும் வயதை எட்டியிருந்த, ஊசி போட்டார்களா என்ற விவரமும் தெரிந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு முழுமையாகப் போடாதவர்கள். வேறு நோயே இல்லாத குழந்தைகளும் அதில் கணிசம்.

தனியாக உங்கள் குழந்தைக்கு ஃப்ளூவால் உயிராபத்து வரும் வாய்ப்பு மிகச் சிறியது. அதைப் பெரிதாக்கிப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் மழைக்காலத்தில் எங்கள் வார்டில் ஒரே கட்டிலில் இரண்டு குழந்தைகளைப் படுக்க வைக்கிற நாட்கள் வரும். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முந்தைய வாரம் வரை நல்ல ஆரோக்கியமான குழந்தைகள். நன்றாகச் சாப்பிடுகிற குழந்தைக்கும் வரும். அதனால்தான் "ஓடியாடித் திரிந்தால் போதும்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை, நண்பரே.

---

காயல்_உம்மா (காயல்பட்டினம்)

அஸ்ஸலாமு அலைக்கும். மைதிலி அக்கா, அந்த மூக்கு மருந்துல பன்றி ஜெலட்டின் இருக்குன்னு கேள்விப்பட்டேன். இங்க போடுற ஊசிலயும் இருக்குமா? எங்க வீட்டுல இதுதான் முதல் கேள்வியா வரும்.

---

மைதிலி_ஈஸ்ட்ஹாம் (லண்டன்)

ஓம் தங்கச்சி, மூக்கு மருந்தில இருக்கு. அதனால இங்க முஸ்லிம் குடும்பங்கள் கேட்டா ஜெலட்டின் இல்லாத ஊசி குடுப்பினம். சம்மதப் பத்திரத்திலயே அதைக் குறிக்கலாம். உங்கட ஊரில போடுறது ஊசிதானே. ஆனாலும் பெட்டிக்குள்ள இருக்கிற தாளில என்னென்ன சேர்ந்திருக்கெண்டு எழுதியிருக்கும், கேட்டு வாங்கி வாசிச்சுப் பாருங்கோ. கேக்கிறதில வெக்கம் ஒண்டும் இல்லை.

---

உறையூர்க்காரி (திருச்சி)

டாக்டர் சார், ரொம்ப நன்றி. கணவரையும் உட்கார வச்சு முழுசாப் படிச்சோம். இன்னும் ரெண்டு கேள்வி. எந்த மாசத்துல போடறது நல்லது? இப்பவே போட்டா மழைக்காலம் வரைக்கும் தாங்குமா? இன்னொண்ணு, பாப்பா ஸ்கூல்ல இருந்து கொண்டு வந்தா முதல்ல பாதிக்கப்படப் போறது அத்தைதான். அவங்க ராத்திரி பாப்பாகூடத்தான் படுப்பாங்க.

---

குழந்தை_வார்டு (மதுரை)

முதலில் மாதம். வட இந்தியாவிலும் கொல்கத்தா பக்கமும் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ உச்சம். ஸ்ரீநகரில் குளிர்காலம். சென்னை, வேலூரில் செய்த கண்காணிப்பில் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் நவம்பரில் உச்சம் தெரிந்தது. ஆனால் இதைக் கல்லில் எழுதியதாக நினைக்க வேண்டாம். 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவி, தமிழ்நாட்டில் ஒரே நாளில் ஆயிரம் காய்ச்சல் முகாம் நடத்த வேண்டி வந்தது. புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளை மூடினார்கள்.

எந்த வைரஸைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை அறிவிக்கும்: பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கு. நம் ஊரில் இரண்டும் வரும். போடுகிற அன்று கிடைக்கிற புதியது போதும். உங்கள் குழந்தைக்கு முதல் முறை என்பதால் இரண்டு டோஸ், இடையில் நாலு வாரம், அதற்குப் பிறகு பலன் முழுமையாக இரண்டு வாரம். ஆக ஆறு வாரம் வேண்டும். இப்போது தொடங்கினால் செப்டம்பர் தொடக்கத்தில் தயார், மழைக்காலத்துக்குப் போதும். பள்ளியில் விட்ட பிறகு போடலாம் என்று இருந்தால் முதல் அலையை வெறும் உடம்போடு சந்திப்பாள்.

அத்தைக்கு: 67 வயது, சர்க்கரை, வீசிங். உண்மையில் உங்கள் வீட்டில் ஃப்ளூவால் அதிக ஆபத்து குழந்தையைவிட அவருக்குத்தான். அவருக்கும் போடுங்கள், ஒரே டோஸ். ஜப்பானில் 1962 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டுவந்தார்கள், 1987-இல் கட்டாயத்தைத் தளர்த்தி 1994-இல் கைவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் போட்ட காலத்தில் முதியோர் இறப்பு குறைந்திருந்தது, நிறுத்திய பிறகு ஏறியது. அதைக் கணக்கிட்ட ஆய்வு 2001-இல் வெளியானது: சுமார் 420 குழந்தைகளுக்குப் போட்டால் ஒரு இறப்பு தவிர்ந்தது என்றார்கள். எல்லா ஊருக்கும் அதே எண் பொருந்தாது. ஆனால் பேத்தியின் இருமல் பாட்டிக்குப் போகும் பாதை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

---

தாமிரபரணி_தம்பி (அம்பாசமுத்திரம்)

எல்லாம் சரி, ஒரு விசயம் கேக்கேன். நான் லோடு ஏத்துத வேலை. ரெண்டு டோஸ் 3,700 ரூவான்னா எனக்கு ஒரு வாரக் கூலியை மொத்தமாத் தூக்கிக் கொடுக்கணும். மழை பெஞ்சா அந்தக் கூலியும் கிடையாது. எங்களுக்கு ரெண்டு பிள்ளைய, ஒண்ணுக்கு நாலு, இன்னொண்ணுக்கு ஒம்பது மாசம். போடணுமா வேண்டாமான்னு யோசிக்கதுக்கே காசு வேணும் போல. ஊசி போடாத வீட்ல என்ன செய்யணும், அதையும் யாராச்சும் சொல்லுங்க.

---

ஊர்_நர்ஸ் (புதுக்கோட்டை மாவட்டம்)

தம்பி, இந்த இழையில முதல்லயே வந்திருக்க வேண்டிய கேள்வி இது. நான் வேலை பார்த்த ஊர் முழுக்க உன் மாதிரி வீடுகள்தான். அரசு இதை ஆபத்து அதிகமுள்ள பிள்ளைகளுக்காவது இலவசமாக் கொடுக்கணும்னு நான் உறுதியா நினைக்கிறேன். பி.சி.வி. வந்த மாதிரி ஒருநாள் இதுவும் வரணும்.

இப்போதைக்கு உன் கையில இருக்கறது என்னன்னு பார்ப்போம். ஒம்பது மாசப் பிள்ளைக்கு எம்.ஆர். முதல் டோஸும் பி.சி.வி. பூஸ்டரும் இந்த மாசம் வருது, ரெண்டும் இலவசம். அதை விடாதே. ஃப்ளூ வந்த பிள்ளைக்கு அதுக்கு மேல நிமோனியா கிருமி ஏறினாத்தான் நிலைமை கெடும். அந்தக் கிருமிக்கு பி.சி.வி. ஒரு தடுப்பு. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லாதே. வீட்டுல யாருக்குக் காய்ச்சல் இருமல்னாலும் அவங்க பிள்ளையைத் தூக்கும்போது மூக்கு வாயை மூடிக்கட்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். வீட்டுக்குள்ள பீடி, அடுப்புப் புகை வேண்டாம்.

பெரியவனுக்குக் காய்ச்சல்னா பாராசிட்டமால் கொடுத்துப் பால்வாடிக்கு அனுப்பாதே, வீட்டுலயே வை. ஆஸ்பிரின் எந்தப் பிள்ளைக்கும் கூடாது. கடைக்காரர் கொடுக்கற ஆன்டிபயாட்டிக் வைரஸுக்கு வேலை செய்யாது. பிள்ளைக்கு மூச்சு வாங்குது, நெஞ்சு உள்ளே குழியுது, பால் தண்ணி இறங்கல, எழுப்பினா எழுந்திருக்கல, வலிப்பு வருது, உதடு நீலம் பாயுது, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் ராத்திரின்னு பார்க்காம 108-ஐக் கூப்பிடு.

---

குழந்தை_வார்டு (மதுரை)

செவிலியர் அம்மா சொன்னதோடு ஒன்று. ஃப்ளூவுக்கு ஒசெல்டமிவிர் என்ற மருந்து உண்டு. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன். அரசு மருத்துவமனையில் இலவசம். எல்லாக் காய்ச்சலுக்கும் அது தேவைப்படாது, டாக்டர் பார்த்து முடிவு செய்வார். ஆனால் ஒன்பது மாதக் குழந்தைக்குக் கடும் காய்ச்சல் என்றால் மூன்று நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள், முதல் நாளே காட்டுங்கள். காசு சேர்ந்து ஒரு பிள்ளைக்கு மட்டும்தான் போட முடியும் என்றால் சின்னதுக்குப் போடுங்கள். பெரியவனுக்கு வீசிங் இருந்தால் இந்தப் பதில் மாறும், அப்போது நேரில் கேளுங்கள்.

---

வேளச்சேரி_ப்ரியா (சென்னை)

தாமிரபரணி அண்ணா, விலை எல்லா இடத்துலயும் ஒண்ணு இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் இருக்கு. அறக்கட்டளை ஆஸ்பத்திரிகள்ல கன்சல்டிங் ஃபீஸ் இல்லாம, எம்.ஆர்.பி.க்குக் குறைச்சும் போடறதைப் பார்த்திருக்கேன். ரெண்டு மூணு இடத்துல கேட்டுப் பாருங்க.

---

மஞ்சள்காடு (ஈரோடு)

டாக்டர் ஐயா பொறுமையா எழுதினதுக்கு நன்றிங்க. ஆஸ்திரேலியா சம்பவம் ஒரு நிறுவனத்தோட தயாரிப்புல வந்த சிக்கல்ங்கறது எனக்குப் புது விவரம். வருஷா வருஷம் போடறதுல எனக்கு இன்னும் முழு உடன்பாடு வரலைங்க. பெரியவனுக்கு ஏழு வயசாச்சு, அவனை விட்டுடறேன். சின்னவளுக்கு மூணுதான் ஆகுது, எங்கம்மாவும் எங்ககூடத்தான் இருக்காங்க. அதனால அவளுக்கு இந்த வருஷம் போடறதைப் பத்தி வீட்டுல பேசறேன். ஒரே ஒரு வேண்டுகோள்ங்க. போட யோசிக்கறவங்களை "குழந்தை மேல அக்கறை இல்லாதவங்க"ன்னு சில கிளினிக்ல பேசறாங்க. அப்படிப் பேசினா கேட்க வந்தவங்களும் கேட்காமப் போயிருவாங்க.

---

கருவூர்_கவி (கரூர்)

நான் ஏழு மாச கர்ப்பிணி. இந்த இழையைப் படிச்சிட்டுக் கேட்கறேன், பிறக்கற குழந்தைக்கு எப்போ போடறது?

---

குழந்தை_வார்டு (மதுரை)

ஆறு மாதத்துக்கு முன் குழந்தைக்குப் போட முடியாதம்மா. அந்த ஆறு மாதத்துக்கான பாதுகாப்பு உங்களிடமிருந்துதான் போக வேண்டும். கர்ப்பத்தில் நீங்கள் போட்டுக்கொண்டால் எதிர்ப்பணுக்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். உலக சுகாதார நிறுவனம் 2012-இல் முதல் முன்னுரிமை கொடுத்ததே கர்ப்பிணிகளுக்குத்தான். கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ மற்ற பெண்களைவிடக் கடுமையாக வரும் என்பதும் ஒரு காரணம். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் அடுத்த செக்கப்பிலேயே கேளுங்கள். செயலிழந்த வைரஸ் ஊசிதான், மூக்கு மருந்து கூடாது.

---

உறையூர்க்காரி (திருச்சி)

எல்லாருக்கும் நன்றி. முடிவு பண்ணிட்டோம். இந்தச் சனிக்கிழமை பாப்பாவுக்கும் அத்தைக்கும் ஒரே நாள்ல. கணவரை மாத்தினது பி.சி.வி. பத்தி நர்ஸ் அம்மா எழுதினதுதான். அத்தை முதல்ல தனக்கு வேண்டாம்னாங்க. "நீங்க இருமினா பாப்பாவைத் தூக்க விடமாட்டேன்"னு இவர் சொன்னதும் ஒத்துக்கிட்டாங்க. கற்பூரவள்ளிக் கஷாயமும் நிக்காது, அதையும் சொல்லிட்டாங்க.

போடுற இடத்துல எதையெல்லாம் கவனிக்கணும்? பாப்பாவுக்கு இப்போ லேசா மூக்கு ஒழுகுது, போடலாமா? ரெண்டாவது டோஸ் நாள் தவறிட்டா முதல்ல இருந்து தொடங்கணுமா?

---

ஊர்_நர்ஸ் (புதுக்கோட்டை மாவட்டம்)

லேசா மூக்கு ஒழுகுனா போடலாம். நல்ல காய்ச்சல் இருந்தா மட்டும் தள்ளிப்போடு. ஊசி பிரிட்ஜுல 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், ஐஸ் கட்டுற தட்டுல வச்சிருக்கக் கூடாது. பெட்டியை உன் கண் முன்னாடி பிரிக்கச் சொல்லு. காலாவதி தேதியும், எந்த வருஷத்து ஊசிங்கறதும் மேலேயே அச்சடிச்சிருக்கும், போன வருஷத்துதுன்னா வேண்டாம்னு சொல்லிடு. பாப்பாவுக்குத் தொடையில போடுவாங்க, அத்தைக்குக் கையில. முட்டை ஒத்துக்காத பிள்ளைக்கும் இப்போ தடையில்லை. இதே ஊசிக்கு முன்னாடி கடுமையான அலர்ஜி வந்திருந்தாத்தான் கூடாது. போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்க.

ரெண்டாவது டோஸ் நாலு வாரத்துக்கு முன்னாடி போடக் கூடாது. தள்ளிப்போனா முதல்ல இருந்து தொடங்க வேண்டாம், போகிற அன்னைக்குப் போட்டுக்கலாம். ஆனா ஸ்கூல் திறக்குற பரபரப்புல மறந்துடுவீங்க, அதனால சனிக்கிழமையே அட்டையில அடுத்த தேதியை எழுதி வாங்கிட்டு வா. அட்டையில இந்த ஊசிக்குக் கட்டம் இருக்காது, பின்பக்கம் ஊசி பேரு, பேட்ச் நம்பர், தேதி மூணையும் எழுதச் சொல்லு.